விருந்தும் வெட்கமும்

உணவகத்தில் உங்கள் கையில் தரப்படும் உணவுப் பட்டியலை எந்தப் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்குகிறீர்கள்? இடப்பக்கத்தில் பதார்த்தங்களின் பெயர்கள் இருக்கும். வலப்பக்கத்தில் விலைகள் இருக்கும். பெயரை வாசித்து, நாவுக்குப் பிடித்ததைத் தெரிந்துகொண்டு, விலையைப் போகிற போக்கில் பார்ப்பவர்கள் உண்டு. விலைகளை முதலிற் பார்த்து, தமக்குத் தாங்கக்கூடிய ஓர் எண்ணைக் கண்டுபிடித்தபின், அதற்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தேடுபவர்களும் உண்டு. இவ்விரு வகையினரும் ஒரே மேசையில், அதுவும் நண்பர்களாக, அமர்ந்திருக்கும்போது எழுகின்ற ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, கொழும்பில் கடலைப் பார்த்தபடி அமைந்த ஓர் உயர்தர உணவகத்தில் நாங்கள் நால்வர் கூடினோம். நால்வரும் ஊர்காவற்றுறையில் ஒரே வகுப்பிற் படித்தவர்கள். நால்வருக்கும் எழுபது வயது கடந்துவிட்டது. ஒருவர் 1984இல் சுவிற்சர்லாந்துக்குப் போய் அங்கேயே குடியேறியவர். அவர்தாம் எங்களை அழைத்தவர். இன்னொருவர் கொழும்பிற் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். மூன்றாமவர் இடப்பெயர்வுக் காலம் தவிர மற்றெல்லாக் காலத்திலும் ஊர்காவற்றுறைக் கரையை விட்டு நகராதவர். இன்றும் மகனோடு வள்ளத்திற் போய் நண்டு வலை போடுகிறவர். நான்காமவன் நான், ஓய்வுபெற்ற ஆசிரியன். எங்கள் இருவருக்கும் ரயிலில் ஆசனம் பதிவு செய்து, தங்குமிடமும் ஒழுங்குசெய்திருந்தார் சுவிஸ் நண்பர். அவருடைய அன்பில் எள்ளளவும் குறை சொல்வதற்கில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பட்டியல் வந்தது. கடற்றொழில் செய்யும் நண்பர் அதை விரித்தார். சிறிது நேரத்தில் மூடிவிட்டார். "எனக்கு வயிறு அவ்வளவு சரியில்லை மச்சான். ஒரு சூப் காணும்" என்றார். அந்தப் பட்டியலில் ஆகக் குறைந்த விலை சூப்புக்குத்தான் போட்டிருந்தது. எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், நானும் வலப்பக்கத்தைத்தான் முதலிற் பார்த்தேன்.

சுவிஸ் நண்பர் விடவில்லை. எல்லோருக்குமாக நண்டு கொண்டுவரச் சொன்னார். பரிசாரகர் உயிர் நண்டைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து எடையைச் சொல்லிக் காட்டினார். அதைப் பார்த்ததும் கடற்றொழிலாள நண்பரின் முகம் மலர்ந்தது. "சேத்து நண்டு. கண்டல் பக்கம் பிடிச்சது. கட்டின கட்டுத்தான் பிழை, இப்பிடிக் கட்டினால் கால் கழண்டுபோம்" என்றார். அந்த மாலை முழுவதிலும் அவர் தாமாகப் பேசிய பேச்சு அது ஒன்றுதான். பின்னர் நண்டு சமைத்து வந்தபோது, பரிசாரகர் அவர் கழுத்தில் ஒரு துணியைக் கட்டிவிட்டு, கையில் ஒரு குறட்டைக் கொடுத்து, ஓட்டை எப்படி உடைப்பது என்று மிகுந்த மரியாதையோடு காட்டிக்கொடுத்தார். ஐம்பது வருடமாக நண்டு பிடிக்கிற மனிதர் பேசாமல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். கணக்காளர் நண்பர் சிரித்தார்; நானும் சிரித்தேன். பில் ஓர் இலட்சம் ரூபாவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. 10 வீதம் சேவைக் கட்டணமும் 18 வீதம் பெறுமதி சேர் வரியும் அதில் அடக்கம்.

மறுநாள் ரயிலில் அநுராதபுரம் தாண்டும்வரை அவர் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவன் நல்லவன். ஆனால் நான் அவனுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. எங்கள் விருந்தில் ஏதோ பிழைத்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. எது பிழைத்தது என்பது எளிதிற் பிடிபடவில்லை.

உடனே நம் நாவில் வருகிற விடை ஒன்றுண்டு. அந்தப் பணத்தில் எத்தனை ஏழைக் குடும்பங்கள் சாப்பிட்டிருக்கலாம் என்பது அது. உண்மையைச் சொன்னால், நண்டின் பெரிய கால் என் கையில் இருந்தபோதே இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்த பின்னும் நான் காலைக் கீழே வைக்கவில்லை. பெத்தானியாவில் மரியாள் ஆண்டவருடைய பாதங்களிற் பரிமளத் தைலம் பூசியபோது, 300 வெள்ளிக்காசுக்கு அதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று கணக்குப் போட்டவன் யூதாஸ். அவன் ஏழைகளிடம் கொண்ட அக்கறையினால் அப்படிச் சொல்லவில்லை என்று அருளப்பர் நற்செய்தி வெளிப்படையாகவே கூறுகிறது. செலவுக் கணக்கு வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கணக்கை நாம் பெரும்பாலும் மற்றவர் செலவைப் பற்றியே போடுகிறோம். மகளுடைய கலியாண வீட்டில் ஐந்நூறு பேருக்கு இலை போட்டவர், அடுத்த வீட்டுக்காரர் உணவகத்துக்குப் போனதைக் கண்டு முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலும், அந்தப் பணம் எப்படி வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1980களில் அகதிகளாகச் சுவிற்சர்லாந்துக்குப் போன நம்மவருட் பலருக்கு முதலிற் கிடைத்த வேலை உணவகச் சமையலறையில்தான். கோப்பை கழுவுதல், கிழங்கு உரித்தல், நிலம் துடைத்தல் போன்ற வேலைகள் அவை. எங்கள் நண்பரும் இருபது வருடங்களுக்கு மேல் அத்தகைய சமையலறை ஒன்றில் நின்றவர். சமையலறைக்கும் விருந்து மண்டபத்துக்கும் இடையே இரு பக்கமும் ஆடுகிற ஒரு கதவு இருக்குமாம். தட்டங்களோடு பரிசாரகர் போகும்போது அந்தக் கதவு திறந்து மூடும் இடைவெளியில்தான் வெள்ளைத்துணி விரித்த மேசைகளை அவர் கண்டாராம். அத்தகைய ஒரு மேசையில் தம்முடைய ஊர் நண்பர்களோடு ஒருநாளாவது இருக்கவேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

இன்னுமொன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

1967ஆம் ஆண்டளவில், உதைபந்தாட்டப் போட்டி ஒன்றில் வென்று வந்த களிப்பில், வகுப்புப் பெடியள் சிலர் கடைத்தெருவில் இருந்த ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தோம். எங்களில் ஒருவன் வாசலில் நின்றுவிட்டான். கடைக்காரர் எங்களுக்குக் கிளாசில் தேத்தண்ணி தந்தார். அவனுக்கு, வெளியே தட்டியிற் கொழுவியிருந்த தகரப் பேணியை எடுத்து அதில் ஊற்றினார். அவன் பிறந்த சாதி அப்படி. வென்ற போட்டியில் இரண்டு கோல் அடித்தவன் அவன்தான். நாங்கள் உள்ளே வாங்கில் இருந்து குடித்தோம். அவன் வெளியே நின்று குடித்தான். குடித்து முடிய எல்லோருமாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். நாங்கள் யாரும் எழுந்து வெளியே போய் அவனோடு நிற்கவில்லை. அப்படிச் செய்யலாம் என்ற நினைப்பே எங்களுக்கு வரவில்லை. அன்று வாசலில் நின்றவர்தாம் கொழும்பில் எங்களுக்கு விருந்து வைத்த சுவிஸ் நண்பர்.

சட்டம் இல்லாமலில்லை. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம், உணவுக் கடைகளிலும் தேநீர்க் கடைகளிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. ஆனால் சட்டம் வந்து பத்து ஆண்டுகள் சென்ற பின்பும் பேணி கொழுவிய இடத்திலேயே இருந்தது. சங்கானை, கொடிகாமம், நெல்லியடி போன்ற இடங்களில் 1960களின் பிற்பகுதியில் தேநீர்க் கடைப் பிரவேசத்துக்காகப் பெரும் போராட்டங்கள் நடந்தன. 1968இல் மாவிட்டபுரத்திற் கோயில் வாசலில் நடந்தது நாடறிந்த செய்தி. இவற்றை வாசித்துவிட்டு, அவையெல்லாம் மற்றவர்களுடைய கதை என்று கத்தோலிக்கராகிய நாம் ஆறுதற்பட்டுவிட முடியாது. ஒரே நற்கருணையை உட்கொண்டவர்கள் கோயிலுக்குள் தனித்தனி இடங்களில் முழந்தாளிட்ட காலம் நமக்கும் இருந்தது.

ஆகவே, உணவகத்தை வெறும் ஆடம்பரக் கூடம் என்று பார்ப்பது அதன் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதாகும். 1760களிற் பாரிஸ் நகரத்தில் இக்கால முறையிலான உணவகங்கள் தோன்றியபோது அவற்றின் புதுமை எதில் இருந்தது? அதற்கு முன் சத்திரத்துக்குப் போகிறவன் எல்லோரோடும் ஒரே நீண்ட மேசையில் இருந்து, வைத்ததைச் சாப்பிட்டு எழுந்தான். உணவகமோ தனித்தனி மேசை போட்டது. உணவுப் பட்டியலை எழுதி விலையும் போட்டது. காசைக் கொடுக்கிற எவனும் இருக்கலாம் என்றது. பிறப்பைக் கேட்டுப் பேணி எடுக்கிற ஊரில் இது எவ்வளவு பெரிய விடுதலை! எங்கள் தீவுப்பகுதியார் கொழும்பிலும் குருநாகலிலும் இன்னும் எத்தனையோ தென்னிலங்கைப் பட்டணங்களிலும் சாப்பாட்டுக் கடைகள் நடத்திப் பெயர் எடுத்தவர்கள். அந்தக் கடைகளில் முன்பின் தெரியாதவனுக்கும் சோறு கிடைத்தது. 1983 ஆடியில் அவற்றுட் பல எரிந்துபோயின.

பிறப்பைக் கேளாமல் காசை மட்டும் கேட்கிற இடத்தில், காசில்லாதவன் எங்கே நிற்பான்? பேணியைக் கொழுவ ஒரு கை வேண்டியிருந்தது. அந்தக் கையின்மேல் வழக்குப் போடலாம், அந்தக் கடையின் முன் மறியல் செய்யலாம். வலப்பக்கத்து எண்ணுக்கு அப்படி ஒரு கை தேவையில்லை. அதைப் பார்த்தவன் தானாகவே வயிறு சரியில்லை என்று சொல்லிக்கொள்கிறான். எங்கள் மேசையில் நடந்தது அதுவே. ஒருகாலத்தில் வாசலில் நின்றவர் உள்ளே வந்து எல்லோரையும் அழைத்திருந்தார். அன்று வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் இப்போது, கதிரையில் இருந்தபடியே, வாசலில் நின்றார். அதைக் கண்டும் நான் அன்றுபோலவே இருந்து சாப்பிட்டேன்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில் இப்படிப்பட்ட ஒரு பந்தியைப் பற்றிக் கண்டித்து எழுதியிருக்கிறார். கொரிந்து துறைமுகப் பட்டணம். செல்வரும் கூலியாட்களும் அடிமைகளும் ஒரே சபையில் இருந்தார்கள். ஆண்டவருடைய விருந்துக்குக் கூடும்போது, ஓய்வுள்ள செல்வர் முந்தி வந்து வயிறாரச் சாப்பிட்டுக் குடித்துவிடுவார்கள். வேலை முடித்துப் பிந்தி வருபவர்கள் பசியோடு இருப்பார்கள். சின்னப்பர் அந்த உணவின் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். உண்பதற்கு உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று கேட்டபின், இல்லாதவர்களை நீங்கள் வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். அவர் குற்றமாகக் கண்டது அந்த வெட்கத்தை. நல்ல மீனும் நல்ல இரசமும் அவர் கண்ணிற் குற்றமாகப் படவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், விலை மலிந்த இடங்களிலும் இந்தத் தவறு நடக்கிறது. பங்குப் பெருநாள் முடிந்த மத்தியானத்தில், முற்றத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க, உள்ளே பெரியோர்களுக்கென்று வெள்ளைத்துணி மேசை போட்டிருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். கொழும்பில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளிடம் இப்போது இன்னொரு வழக்கம் வந்திருக்கிறது. கந்தோர் நண்பர்கள் ஒன்றாய்ப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வந்த பில்லைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்குக் காசு அனுப்புகிற ஒரு பிள்ளை, மலிவான ஒரு சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இறாலும் ஐஸ்கிறீமும் சாப்பிட்டவர்களோடு ஒரே தொகையைக் கொடுக்கவேண்டும். கொடுக்க முடியாது என்று சொல்லவும் கூச்சப்படும். இரண்டு தடவை கொடுத்துவிட்டு, மூன்றாம் தடவை நேரமில்லை என்று சொல்லிவிடும். உங்கள் பிள்ளை நேரமில்லை என்று சொல்லியிருந்தால், அது எந்த நேரம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பில் கட்டுகிற பிள்ளையின் பெற்றோராக நீங்கள் இருந்தால், யார் வராமல் விட்டார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்.

நம்முடைய வீடுகளில் விருந்தாளியின் கையில் யாரும் பட்டியல் கொடுப்பதில்லை. "சாப்பிடுறீங்களோ?" என்று வாசலில் வைத்துக் கேட்பதையே குறைவாக நினைப்பவர்கள் நாம். இலையைப் போட்டுவிடுவோம்; பரிமாறுகிறவர் கேளாமல் வைப்பார்; போதுமென்றால் விருந்தாளி கையால் இலையை மறைப்பார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்ற தீர்மானத்தை விருந்தாளியின் தலையிற் சுமத்துவதில்லை. ஆகவே அவர் தம் வறுமையை வெளியில் எடுத்துக் காட்டவேண்டிய தேவையும் வருவதில்லை. எங்கள் சுவிஸ் நண்பர் முதலிலேயே பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு நால்வருக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தால், பாதித் துன்பம் நீங்கியிருக்கும்.

மற்றப் பாதியை அது தீர்த்திராது. நான் அவனுக்கு என்னத்தைக் குடுக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

எங்கள் கரையிலிருந்து பார்த்தால் தென்மேற்கே தெரிவது நயினாதீவு. மணிமேகலைக் காப்பியத்தில் வருகிற மணிபல்லவம் இந்தத் தீவே என்று பலரும் கொள்வர். அமுதசுரபி என்ற அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் மணிமேகலைக்கு அங்கே கிடைத்தது என்பது எல்லோரும் அறிந்த கதை. நம்மூர்க் கரம்பனில் 1913இற் பிறந்த தனிநாயகம் அடிகளார், தமிழிலக்கியம் எல்லாச் சமயத்தாருக்கும் பொதுச்சொத்து என்று வாழ்நாள் முழுவதும் பேசியவர். ஆகையால் பௌத்த காப்பியம் ஒன்றின் கதையை இங்கே நான் எடுப்பதில் உங்களுக்கு மனத்தடை இராதென்று நம்புகிறேன்.

அந்தப் பாத்திரம் மணிமேகலைக்கு முன் ஆபுத்திரன் என்பவனிடம் இருந்தது. மதுரையிற் பிச்சையெடுத்து மற்றவர்களுக்கு ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு வாழ்ந்த அநாதை அவன். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுத்தாள். அவன் நாடெங்கும் பசி தீர்த்தான். பின்னர் பாண்டி நாட்டில் மழை பெய்து பஞ்சம் நீங்க, அவனிடம் சோறு வாங்க ஆளில்லாமற் போயிற்று. சாவக நாட்டிற் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறினான். இடையிற் கப்பல் மணிபல்லவத்தில் தங்கியது. அவன் கரையில் இறங்கியிருந்தபோது, அவன் ஏறிவிட்டான் என்று எண்ணிக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில், ஆயிரம் பேருக்குச் சோறு தரும் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். தன் ஒருவனுடைய வயிற்றுக்காக அதைப் பயன்படுத்த அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிவருமாறு வேண்டி அதைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாமல் உயிர்விட்டான்.

சிறுவயதில் இந்தக் கதையை வாசித்தபோது இவன் என்ன முட்டாள் என்றுதான் நினைத்தேன். இப்போது வேறு விதமாக நினைக்கிறேன். கொடுப்பவனுக்கு வாங்குபவன் தேவை என்பதை ஆபுத்திரன் அறிந்திருந்தான். அவன் கை நிறைந்திருந்தும் அவனுக்கு யாருமில்லை. எங்கள் சுவிஸ் நண்பரும் ஒருவகையில் அப்படித்தான். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகளுக்கு அங்கே அவரவர் வேலை. அவர் அன்று எங்களுக்கு உணவு மட்டும் தரவில்லை. அந்த மேசையில் எங்களிடமிருந்து ஒன்றை வாங்கவும் வந்திருந்தார். அது எங்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நயினாதீவு அம்மன் கோயிலில் அமுதசுரபி என்ற பெயரிலேயே ஓர் அன்னதான மடம் இருக்கிறது. குறிகட்டுவானில் படகேறி வருகிற யாரும் அங்கே பந்தியில் இருக்கலாம். அங்கே சாப்பிட்டவர் யாரும் பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தூக்கமிழப்பதில்லை. காரணம், செலவு செய்தவர் எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அவர் கனடாவில் இருப்பார், அல்லது இறந்துபோயிருப்பார். அன்னதானத்தின் அழகு அது. ஆனால் நண்பர்களுக்கு அந்த வழி உதவாது. நண்பன் எதிரே இருக்கத்தான் வேண்டும்.

விருந்து வைக்கும்போது உன்னைத் திருப்பி அழைக்கக்கூடிய நண்பர்களையும் செல்வரையும் அழையாதே, திருப்பித் தர இயலாதவர்களை அழை என்று ஆண்டவர் யேசு சொன்னது லூக்கா நற்செய்தியில் இருக்கிறது. அந்தப் போதனை வீட்டுக்காரருக்குச் சொன்னது. அழைக்கப்பட்டவன் பதிலுக்கு என்ன செய்யவேண்டும் என்று அவ்விடத்தில் ஒன்றுமில்லை. கைம்மாறு எதிர்பாராமற் கொடு என்று வீட்டுக்காரருக்குச் சொன்னதை, கைம்மாறு செய்ய விடாதே என்று நாம் மாற்றிக்கொண்டுவிட்டோமோ என்று எனக்கு ஐயமுண்டு. நம் தாய்மாருக்கு இது தெரிந்திருந்தது. அயல்வீட்டிலிருந்து கறி வந்த சட்டியை அவர்கள் ஒருநாளும் வெறுமையாய்த் திருப்பி அனுப்பியதில்லை. வீட்டில் ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு தேசிக்காயாவது, ஒரு பிடி முருங்கையிலையாவது அதற்குள் இருக்கும். அனுப்பியவளும் அதை வேண்டாம் என்று சொல்லமாட்டாள்.

சுவிஸ் நண்பர் திரும்பிப் போகுமுன் ஊரைப் பார்க்க வந்தார். வந்த இடத்தில் இன்னொரு விருந்துக்கு ஆயத்தமானார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கிறதே கடற்கோட்டை, போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, அது ஒருகாலத்தில் சிறைச்சாலையாக இருந்தது. இன்று கடற்படையினர் அதை விடுதியாகவும் உணவகமாகவும் நடத்துகிறார்கள். அங்கே எல்லோரையும் அழைத்துப் போகிறேன் என்றார். கடற்றொழிலாள நண்பர் தொலைபேசியில், "அதொண்டும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டுக்கு வாருங்கோ. ஒண்டும் கொண்டு வரக்கூடாது" என்றார். எங்களோடு பேசும்போது வாடா போடா என்பவர், அன்று வீட்டுக்காரராகி வாருங்கோ என்றார்.

ஒடியற் கூழ் காய்ச்சியிருந்தார்கள். கூழை உணவகப் பட்டியலில் இப்போது நீங்கள் காணலாம். சிறு கோப்பையில் அழகாக வரும். ஆனால் அது ஒருவருக்கென்று காய்ச்சுகிற பண்டமில்லை. ஒடியல் மா ஒரு வீட்டால் வரும், பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் இன்னொரு வீட்டால் வரும், மீனும் இறாலும் கரையால் வரும். அன்று சட்டிக்குள் நீலக்கால் நண்டும் இருந்தது. பெரிய நண்டுகள் கரையிலேயே வாங்கப்பட்டு, பதப்படுத்தப்பட்டு வெளிநாட்டுக்குப் போய்விடும். கால் ஒடிந்ததும் சிறியதுமே வீட்டுக்கு வரும். இழுவைப் படகுத் தொழிலை நம் நாட்டில் 2017இற் சட்டம் தடைசெய்தது. அப்பாலிருந்து வருகிற இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துப்போன கதை தனியே எழுதவேண்டியது. ஆனால் அன்று சட்டிக்குள் இருந்த நண்டுகள் முழு நண்டுகள், பெரியவை. விற்காமல் எடுத்து வைத்திருக்கிறார்.

முற்றத்து வேப்பமரத்தின் கீழ்ப் பாயில் இருந்தோம். பனையோலைப் பிளாவில் கூழை ஊற்றித் தந்தார் நண்பரின் மனைவி. கணக்காளர் நண்பருக்கு நீரிழிவு. அரைப் பிளாவோடு நிறுத்தினார். சுவிஸ் நண்பருக்கு முழங்கால் மடியவில்லை. வேரிற் சாய்ந்துகொண்டு நாலு பிளா குடித்தார். நண்டின் காலைப் பல்லால் உடைத்தார். வெறுங்கையோடு வந்திருந்தது அவருக்கு மிகவும் சங்கடமாக இருந்தது என்பது தெரிந்தது. மூன்று தடவை பொக்கற்றுக்குள் கைவிட்டு எடுத்தார். புறப்படும்போது, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் செய்வதுபோல, பேரப்பிள்ளையின் கைக்குள் எதையோ மடித்து வைக்கப் பார்த்தார். நண்பர் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையைக் கூப்பிட்டு, உள்ளே போய் அப்பம்மா கட்டி வைத்ததை எடுத்துவா என்றார்.

உள்ளேயிருந்து ஒரு பெரிய உரப்பை வந்தது. பாரைக் கருவாடு, ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான் இரண்டு, வறுத்த மிளகாய்த்தூள் ஒரு பெரிய போத்தல் எல்லாம் அதற்குள் இருந்தன. "இவ்வளவையும் நான் எப்பிடிக் கொண்டு போறது?" என்று கேட்டார் சுவிஸ் நண்பர். "அது உன்ரை பாடு" என்றார் கடற்றொழிலாள நண்பர், மீண்டும் பழைய குரலில்.

அன்றிரவு என் வீட்டில் வைத்துப் பயணப்பெட்டியை நிறுத்தோம். 30 கிலோவுக்கு மேலே போயிற்று. ஒன்றை எடுத்தால் ஒன்று கூடியது. கருவாட்டையும் மிளகாய்த்தூளையும் என்னிடம் விட்டுப் போகலாமே என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. கடைசியில் புதிதாய் வாங்கிய இரண்டு சட்டைகளையும் ஒரு சோடி சப்பாத்தையும் வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டினார். அவை இப்போதும் என் அலுமாரியில் இருக்கின்றன.